சுருட்டை முடியும் ஒரு நட்டும்

எங்கள் குடும்பப் படங்கள் எதிலும் என் கழுத்து நேராக இருக்காது. கொஞ்சம் குனிந்து, கண்ணை மட்டும் மேலே தூக்கி, யாரோ தலையில் குட்டப் போகிறார்கள் என்று தெரிந்தவள் மாதிரி நிற்பேன். எல்லாம் அம்மாவின் கை செய்த வேலை. படம் எடுப்பவர் ‘ரெடி’ என்று சொல்ல வேண்டியதுதான், அம்மா எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுவாள். உள்ளங்கை நனைந்திருக்கும். தண்ணீர் இல்லாத இடமென்றால் தேங்காய் எண்ணெய். அந்தக் கையை என் உச்சந்தலையில் வைத்து, நெற்றியிலிருந்து பின்பக்கம் வரை அழுத்தித் தேய்ப்பாள். “செத்த நேரம் படிஞ்சு கெடட்டும்” என்று முடியைப் பார்த்தே சொல்லிவிட்டுப் போவாள். பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவுக்குக்கூட வேலிக்கு அந்தப்பக்கம் வந்து நின்று என்னைக் கூப்பிட்டு அமுக்கிவிட்டுப் போனவள் அவள்.

என்னுடையது சுருட்டை முடி. சினிமாவில் காற்றில் பறக்குமே, அந்த அலை இல்லை. சுண்டுவிரல் மொத்தத்தில் ஸ்பிரிங் மாதிரி, ஒவ்வொன்றும் தனித்தனியாக முடிவெடுத்துச் சுருண்டுகொண்ட முடி. இழுத்தால் இடுப்பு வரை வரும், விட்டால் தோளுக்கு ஓடிப்போய்விடும். பரட்டை, தேன்கூடு, ஸ்டீல் நார் என்று எனக்கு வைத்த பெயர்களைக் கொண்டு ஒரு தெருவுக்கே பெயர் சூட்டலாம். நான் கோபக்காரியானதற்குப் பாதிக் காரணம் அந்தப் பெயர்கள்தான். மீதிப் பாதிக்கு வேறு காரணம் தேடவேண்டும்.

இந்தச் சுருள் யாரிடமிருந்து வந்தது என்பது சின்ன வயதில் எனக்குப் பெரிய ஆராய்ச்சி. “எல்லாம் உங்க அப்பா வீட்டுச் சாடைட்டி” என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிடுவாள். அப்பாவுக்கோ முடி குச்சி மாதிரி. கல்யாண வீடுகளில் அப்பா வழிச் சொந்தம் ஒவ்வொருவர் தலைக்குப் பின்னாலும் போய் நின்று பார்ப்பேன். எந்தத் தலையிலும் என் சுருள் இல்லை. திரும்பி வந்து சொன்னால், “முந்தின தலைமுறையில இருந்திருக்கும், நீ கண்டியாக்கும்?” என்பாள். செத்துப்போனவர்களின் தலையை நான் எங்கே போய்ப் பார்ப்பது? அம்மாவின் தலையைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றியதே இல்லை. நான் எழுந்திருக்கும்போதே அவள் குளித்து, ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை போட்டிருப்பாள். எனக்கு அம்மாவின் முடி என்றால் அந்தக் கொண்டைதான்.

சிவகிரியிலிருந்து நான் சங்கரன்கோவிலுக்குக் கல்யாணம் முடித்து வந்தபோது அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இங்கே கோவிலில் புற்றுமண் கொடுப்பார்கள். தோலில் எது வந்தாலும் அதைக் குழைத்துப் பூசுவது வழக்கம். நான் சின்னவளாக இருந்தபோது, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் அம்மா அதை வாங்கிக்கொண்டு போய் என் தலையில் குழைத்துப் பூசிப் பார்த்தவள். புண்ணுக்குக் கேட்கிற மண் சுருளுக்குக் கேட்காமலா போகும் என்பது அவள் கணக்கு. “இனிமே அம்மன் பக்கத்துலயே இருக்கா, எல்லாம் படிஞ்சிரும்” என்று என் மாமியார் காதுபடவே சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அன்றைக்கும் கழுத்து குனிந்துதான் இருந்தது, கல்யாண ஆல்பத்தில் பார்க்கலாம்.

நான் இங்கே ஒரு மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநராக இருக்கிறேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை யாரும் வாசிப்பதில்லை, நான் வாசிப்பேன். அதுவும் பொடி எழுத்தில் இருப்பதை முதலில் வாசிப்பேன். எது எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதில் எனக்கு அப்படி ஒரு பித்து. அதனால், தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் எனக்கு அந்த ஆசை வந்தபோது, அது கொஞ்சம் ஆராய்ச்சி ஆசையாகவும் இருந்தது.

ஆசை இதுதான்: தம்பி கல்யாணத்தில் முடியை விரித்து விட்டு, கழுத்தை நேராக வைத்து, ஒரே ஒரு குடும்பப் படத்தில் நிற்க வேண்டும். அந்தக் கை வரக் கூடாது. அவ்வளவுதான்.

முடியை நீட்டிக் கம்பியாக்கிக்கொள்ளவும் எனக்கு மனசில்லை. அப்படிச் செய்துகொண்டால் பெயர் வைத்தவர்கள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். சுருள் சுருளாகவே இருக்க வேண்டும், கொஞ்சம் தளர்ந்தால் போதும். பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பார்லரில் போய்க் கேட்டேன். அந்தப் பெண் “ஸ்மூத்தனிங் பண்ணிரலாம்க்கா, தண்ணி மாதிரி வழியும்” என்றாள். “பாதி மட்டும் தளர்த்த முடியுமா? எந்த மருந்து போடுவீங்க? எவ்வளவு நேரம்? நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும்?” என்று நான் கேட்டுக்கொண்டே போக, அவள் முகம் மாறிவிட்டது. “அக்கா நீங்க ஹெல்த் டிபார்ட்மெண்டா?” என்று கேட்டாள். அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை.

பிறகு நானே தேடி, வீட்டில் போட்டுக்கொள்கிற மாதிரி வீரியம் குறைந்த ஒரு கிரீமை ஆன்லைனில் வரவழைத்தேன். பெட்டிக்குள் இரண்டு புட்டிகள், ஒரு ஜோடி கையுறை, ஒரு மடித்த தாள். தாளை இரண்டு தடவை வாசித்தேன். முடிக்கு உள்ளே சின்னச் சின்னப் பிணைப்புகள் இருக்கின்றன, அவைதான் சுருளைப் பிடித்து வைத்திருக்கின்றன. முதல் புட்டி அவற்றில் சிலவற்றைக் கழற்றிவிடும். அந்தச் சமயத்தில் முடி எந்த வடிவில் இருக்கிறதோ, அதை இரண்டாவது புட்டி அப்படியே பூட்டிவிடும். முதல் புட்டியை எவ்வளவு சீக்கிரம் கழுவுகிறோமோ அவ்வளவு குறைவாகத் தளரும். இதில் எனக்குப் பிடித்ததே அதுதான். நிறுத்தும் அதிகாரம் என் கையில் இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு விசைத்தறி. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தறிகள் ஓடும், காட்டன் சேலை நெய்கிறார். அவரும் என்னை மாதிரித்தான், ஒரு இழையைக் கையில் எடுத்தால் அதை முறுக்கிப் பார்க்காமல், வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல், நாக்கு நுனியில் வைத்துப் பார்க்காமல் கீழே வைக்கமாட்டார். புட்டிகளைப் பார்த்ததும் அவருக்குக் கை பரபரத்தது.

“ஏட்டி, பின்னந்தலையில நீயே எப்படிப் போடுவ? நான் போட்டு விடுதேன்.”

“உங்களுக்கு என்னங்க தெரியும்?”

“இழைதான? பொழுது விடிஞ்சா அதோடதான் கெடக்கேன்.”

மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று சொல்லிக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்கள் இல்லையா, அந்த நாளைத் தேர்ந்தெடுத்தோம். தறி ஓடாது, அவருக்கும் வேலை இல்லை. நான் கடையில் லீவு சொல்லிவிட்டேன். மோட்டாரும் ஓடாது என்பதால் முதல் நாளே மேல்தொட்டியை நிரப்பி, இரண்டு டிரம்மிலும் தண்ணீர் பிடித்து வைத்தோம். கிரீமைக் கொஞ்சம் முழங்கை மடிப்பில் தடவி, மறுநாள் வரைக்கும் சிவக்கிறதா அரிக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை.

தறிச் சத்தம் இல்லாத வீடு எனக்கு எப்போதுமே புதுசாக இருக்கும். அடுத்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பது கேட்டது. தெருவில் போகிற சைக்கிளின் செயின் உரசுவதுகூடக் கேட்டது. பின்வாசல் முற்றத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தேன். நெற்றி ஓரத்திலும் காதுகளிலும் வாஸலின் தடவிக்கொண்டேன். அவர் கையுறை மாட்டிக்கொண்டு ஆபரேஷன் செய்யப் போகிறவர் மாதிரி விரல்களை விரித்துப் பார்த்தார்.

புட்டியைத் திறந்ததும் வாடை வந்தது பாருங்கள், அழுகின முட்டையும் அமோனியாவும் கலந்து மூக்குக்குள் குத்துகிற வாடை. சுவருக்கு அந்தப்பக்கமிருந்து பக்கத்து வீட்டுப் பெண் குரல் கொடுத்தாள்: “யக்கா, உங்க வீட்ல கேஸ் லீக்காகுதான்னு பாருங்க! அடுப்பப் பத்த வச்சிராதீங்க!”

“கேஸ் இல்லம்மா, தலைக்கு மருந்து” என்றேன்.  “பேனுக்கா?” என்று கேட்டாள். வீட்டுக்காரர் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தக் கையுறையில் மருந்து இருந்ததைப் பிறகுதான் கவனித்து முகம் கழுவ ஓடினார்.

தாளில் போட்டிருந்தபடி, முழுத் தலைக்கும் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கற்றையில் போட்டுப் பார்க்க வேண்டும். இடது காதுக்குப் பின்னால், வெளியே தெரியாத இடத்தில் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தேன். வேரில் படாமல் தடவச் சொன்னேன். நன்றாகத்தான் தடவினார். பிறகு கொட்டகைக்குள் போய் எதையோ எடுத்து வந்தார். எனக்குப் பின்னால் நடப்பது எனக்குத் தெரியாது. நான் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு, கண்ணாடியில் என் முன்நெற்றியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திடீரென்று அந்தக் கற்றை கனத்தது.

“என்னங்க, என்னமோ இழுக்கே?”

“ஒண்ணுமில்லட்டி. முறுக்க எடுக்கேன். அசையாம இரு.”

அவருடைய தொழிலில் அது சரி. கஞ்சியில் நனைந்த நூலைத் தொய்வாகக் காயவிட்டால் சுருண்டு சிக்கிப்போகும். அதை இழுத்துக் கட்டி விறைப்பாகக் காயவைத்தால்தான் நேராக நிற்கும். இந்த ஊரில் நூலோடு பழகிய யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அவரும் அதைத்தான் செய்திருக்கிறார். என் கற்றையின் நுனியில் நூல் கட்டி, அந்த நூலில் தறியிலிருந்து கழற்றிய ஒரு பெரிய நட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அது இழுத்ததும் சுருள் மெதுவாக நீண்டிருக்கிறது. அவருக்கு ஒரே சந்தோஷம். “ஏட்டி, நீளுதுட்டி! பாரேன், இம்புட்டு நீளுது!” என்றார். நீளுகிறது என்றதும் எனக்குப் பகீரென்றது. முடி எங்கேயாவது நீளுமா?

நான் திரும்புவதற்குள் ‘டங்’ என்று ஒரு சத்தம். கரண்ட் இல்லாத அந்த அமைதியில், சிமெண்ட் தரையில் அந்த நட்டு விழுந்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். அது உருண்டு போய்த் துணி துவைக்கிற கல்லில் முட்டி நின்றது. அதன் பின்னாலேயே என் முடியும் போயிருந்தது.

அவர் அதைக் குனிந்து எடுத்து, நட்டோடு சேர்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்ற நிற்பை இன்னும் மறக்க முடியவில்லை.  “அறுந்துட்டு” என்றார். பிறகு மறுபடியும், அதைத் தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, “அறுந்துட்டு பாரு” என்றார்.

எனக்கு வர வேண்டிய கோபம் ஏனோ வரவில்லை. முதலில் அந்தக் கற்றையைக் கழுவினேன். பிறகு அறுந்ததை அவர் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். நனைந்த சேமியா மாதிரி, பிடித்து இழுத்தால் இன்னும் நீண்டது. விட்டால் திரும்பிப் போகவில்லை. ஆமாம், பிணைப்புகள் கழன்று கிடக்கிற நேரத்தில் அதைப் பிடித்திருப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் இழுத்தால் போய்விடும். தாளில்கூட ‘இழுக்காமல்’ என்று ஒரு சொல் இருந்தது. நான் வாசித்தேன், அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. நூலைத் தெரிந்த மனிதருக்கு அந்தச் சொல் இவ்வளவு முக்கியமாக இருக்கும் என்று யார் கண்டார்கள்?

“நூலுக்கு முறுக்கு வெளிய இருந்து போடுறது” என்று நான் சொன்னேன். “இது உள்ளயே பொறந்தது. இழுத்து எடுக்க முடியாதுங்க.”

அவர் அறுந்த நுனியைத் தொட்டுப் பார்த்தார். “அப்ப எப்படித்தான் தளத்துறது?”

“அதுவா தளரணும். நம்ம சும்மா கூட இருக்கணும்.”

அவர் புட்டியை மூடப் போனார். வேண்டாம், விட்டுவிடலாம், சுருட்டையாகவே இருக்கட்டும் என்றார். “எனக்கு எப்பவும் நல்லாத்தான் இருக்கு” என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இத்தனை வருஷத்தில் என் முடியைப் பற்றி அவர் வாய் திறந்து சொன்னது அன்றைக்குத்தான். கேட்க நன்றாக இருந்தது. ஆனாலும் எனக்கு அந்தப் படம் வேண்டும். கழுத்து நேராக இருக்கிற ஒரு படம். இன்னொரு கற்றையைப் பிரித்துக் கொடுத்தேன்.

இந்தத் தடவை நட்டும் இல்லை, நூலும் இல்லை, சீப்பும் இல்லை. தடவிவிட்டு விரல் நுனியால் மேலிருந்து கீழே ஒரு தடவை நீவினார், அதோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாதி நேரத்திலேயே கழுவச் சொன்னேன். இரண்டாவது புட்டியைத் தடவி, மறுபடி கழுவி, துண்டால் ஒற்றி எடுத்தோம்.  சுண்டுவிரல் மொத்தத்துக்குச் சுருண்டிருந்த கற்றை, காய்ந்த பிறகு வளையல் அகலத்துக்குத் தளர்ந்து தோளில் கிடந்தது. இழுத்துப் பார்த்தேன். அறவில்லை. விட்டேன். மெதுவாக, அவசரமில்லாமல் திரும்பிப் போய்த் தன் வளைவில் உட்கார்ந்தது. அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

பிறகு முழுத் தலைக்கும். பகுதி பகுதியாகப் பிரித்து, கிளிப் போட்டு, பின்னாலிருந்து முன்னால் வந்தோம். அவர் அப்படி ஒரு பயத்தோடு என் முடியைத் தொட்டார், புதுசாகப் பிறந்த குழந்தையைத் தூக்குகிற ஆம்பளைகள் மாதிரி. கழுவிக் கழுவியே டிரம் தண்ணீர் அத்தனையும் தீர்ந்தது. செம்பு செம்பாக ஊற்றிக்கொண்டே இருந்தார். “வாடை போயிட்டா?” என்று கேட்பேன். மோந்து பார்த்துவிட்டு, “இன்னும் இருக்கு” என்று இன்னொரு செம்பு ஊற்றுவார். சாயங்காலம் கரண்ட் வந்து தறிகள் ஓட ஆரம்பித்தபோது நான் மாடியில் நிழலில் முடியை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன். காற்று தலைக்குள் போய் வருவது தெரிந்தது. இத்தனை காலமும் அப்படி ஒரு வழி இருந்ததே எனக்குத் தெரியாது.

அறுந்த கற்றையில் தலையோடு நின்ற அடித்துண்டு மட்டும் மிச்சம். வேர்ப்பக்கம் மருந்து படாததால் அந்த விரல் நீளத் துண்டு பழைய சுருளாகவே இருந்தது. காதுக்குப் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்தது. பின் குத்தினால் பின்னையும் தூக்கிக்கொண்டு நின்றது.

கல்யாணத்தன்று காலையில் சிவகிரி மண்டபத்துக்குள் நுழைந்தேன். முடியை விரித்துவிட்டு, மேலே ஒரு கிளிப், அதில் ஒரு முழம் பிச்சிப்பூ. சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு ஸ்டீல் நார் என்று பெயர் வைத்த சித்தப்பா, “யாரு, பொண்ணு வீட்டுப் பிள்ளையா?” என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். மாப்பிள்ளையின் அக்கா என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டார். அம்மா பந்திக்கும் மேடைக்கும் நடந்து தேய்ந்துகொண்டிருந்தாள். என்னைத் தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்தாள். மறுபடி பந்திப் பக்கம் போய்விட்டாள்.

தாலி கட்டி முடிந்ததும் குடும்பப் படத்துக்கு மேடைக்குக் கூப்பிட்டார்கள். அப்பா, தம்பி, புதுப்பெண், என் வீட்டுக்காரர், நான். அம்மாதான் இல்லை. போட்டோகிராபர் “எல்லாரும் இங்கன பாருங்க, ரெடி” என்றார்.

அந்தச் சொல்லுக்கு அம்மா வந்துவிட்டாள். பந்திப் பக்கமிருந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக. வலது கை நனைந்து தண்ணீர் சொட்டியது. இவ்வளவு செய்தும் அந்தக் கை வந்துவிட்டது. அதைவிடக் கேவலம், என் கழுத்து தானாகக் குனிந்துவிட்டது.

கை தலையில் இறங்கியது. அங்கே அமுக்குவதற்கு ஒன்றும் இல்லை. கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மெதுவாக நகர்ந்து, முடிக்குள் விரலைவிட்டு, நுனி வரை போனது. கடைசியில் காதுக்குப் பின்னால் வந்து அந்த அறுந்த சுருளில் நின்றது. அம்மா அதை அமுக்கினாள். அது எழுந்தது. மறுபடி அமுக்கினாள். மறுபடி எழுந்தது.

“இது மட்டும் என்னட்டி இப்படி நிக்கி?” என்று என் காதுக்குள் கேட்டாள்.

“அறுந்துட்டும்மா.”

என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போட்டோகிராபர் அந்த நேரம் பார்த்துப் படத்தை எடுத்துவிட்டார். அந்தப் படத்திலும் என் கழுத்து குனிந்துதான் இருக்கிறது.

மேடையை விட்டு இறங்கியதும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து மணமகள் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். யாரும் இல்லை. கதவைத் தாழ் போட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்து, திருப்பிக் கொடுக்க நானும் தயாராக நின்றேன். எத்தனையோ வருஷத்துச் சரக்கு என்னிடம் இருந்தது. அம்மா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, கொண்டையில் இருந்த பூவை எடுத்து மேஜையில் வைத்தாள். கொண்டை ஊசிகளை உருவினாள். கொண்டையை அவிழ்த்தாள்.

காலையில் கட்டிய ஈரம் அந்தப் புழுக்கத்தில் காய்ந்திருந்தது. முடி கீழே விழவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே யோசித்துவிட்டு, ஒவ்வொன்றாக மேலே ஏறியது. வெள்ளையும் கறுப்புமாக, சுண்டுவிரல் மொத்தத்தில், தலை முழுக்க என் சுருள்.

நான் தலைக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன், சின்ன வயதில் அப்பா வீட்டு ஆட்களைப் பார்த்த மாதிரியே. ஒரு கற்றையை இழுத்தேன். விட்டேன். ஓடிப்போய்ச் சுருண்டுகொண்டது.

“அப்பா வீட்டுச் சாடைன்னியே” என்றேன். 

“பின்ன, என் சாடைன்னு ஊருக்குச் சொல்லச் சொல்லுதியா?” என்றாள் கண்ணாடியைப் பார்த்து. “என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்க அம்மா நனைச்சு அமுக்கிக் கட்டுனா. ‘அவிழ்த்துராத’ன்னா. அதுக்கப்புறம் நான் அவிழ்க்கல.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“ஒரே வீட்ல இருக்காவ, தெரியாமலா இருக்கும்? கேட்டதில்ல.”

வெளியே நாதஸ்வரம் நின்று, மைக்கில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். அம்மா ஒரு சுருளை விரலில் சுற்றிக்கொண்டே, வேறு யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டாள்:

“அந்த மருந்த எனக்கும் போட்டு விடுதியாட்டி? எனக்கு அறுந்தாலும் பரவால்ல.”

அறுந்தாலும் பரவாயில்லை என்ற அந்தச் சொல்தான் என்னை உடைத்தது. சேர்த்து வைத்திருந்த சரக்கில் ஒரு வார்த்தைகூட வாய்க்கு வரவில்லை. “அறாதும்மா. மெதுவாப் போடுவோம்” என்று மட்டும் சொன்னேன்.

கதவைத் தட்டினார்கள். சம்பந்தி வீட்டாரோடு படமாம், மாப்பிள்ளையின் அம்மாவைக் கூப்பிடுகிறார்கள். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முடியை இரண்டு கையாலும் அள்ளி மறைத்துக்கொண்டாள். “ஏட்டி, சீக்கிரம்! தண்ணியத் தொட்டு அமுக்கிக் கட்டி விடு. சம்பந்தியம்மா நிக்காவ!” என்றாள். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தேன். பயந்துபோன முகம். இத்தனை வருஷமும் என் உச்சந்தலையில் வந்து இறங்கிய கையில் இருந்தது இந்தப் பயம்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மேஜையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. கையை நனைத்தேன். அம்மாவின் உச்சந்தலையில் வைத்து, நெற்றியிலிருந்து பின்பக்கம் வரை, வலிக்காமல் அமுக்கினேன். அவள் கழுத்து குனிந்தது. கொண்டை போட்டு, ஊசிகளைக் குத்தி, பூவை வைத்தேன். கையை எடுத்ததும் இடது காதுக்குப் பின்னால் ஒரே ஒரு வெள்ளைச் சுருள் எழுந்து நின்றது.

“சரியா இருக்கா?” என்றாள்.

“இருக்கும்மா” என்றேன். அம்மா நிமிர்ந்து, கதவைத் திறந்துகொண்டு, அந்தச் சுருளோடு படத்துக்குப் போனாள்.